ஹடப்சர்க் கல்லும் பல்லாவரக் கல்லும்

புனே நகரையடுத்த ஹடப்சரின் அடித்தளம் கருங்கல். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கிப் பரந்து உறைந்த எரிமலைக் குழம்பு அது. வெறுங்கண்ணுக்குக் கருமையன்றி வேறொன்றும் புலப்படாது. ஷெஃபீல்டு நகரத்து ஹென்றி கிளிஃப்டன் சார்பி, கல்லை ஒளி ஊடுருவும் தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, தம் முடிவுகளை 1858-இல் வெளியிட்டார். மலையை நுண்ணோக்கியால் அறிவதா என நகைத்தனர் சிலர். நகைத்தோர் பெயர் நமக்கு வேண்டா.

0.03 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் தக்காணக் கருங்கல் தன் பிறப்பைச் சொல்லிவிடும். பிளேஜியோகிளேஸ் படிகங்கள் குச்சிகளெனக் குறுக்கும் நெடுக்குமாய்க் கிடக்க, இடைவெளிகளை ஆஜைட் நிரப்பியிருக்கும். படிகங்கள் சிறுத்திருப்பின் குழம்பு விரைந்து குளிர்ந்தது எனக் கொள்ளலாம். இடையிடையே பெரும்படிகம் காணின், அது குழம்பு மேலெழுமுன் ஆழத்தில் வளர்ந்தது.

சென்னையையடுத்த நம் பல்லாவரக் கல்லோ எளிதிற் பிடிகொடுக்கவில்லை. கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் அவ்வினமே. அதனால் தாமஸ் ஹாலண்டு 1893-இல் அதற்குச் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டார். 1900-இல் அதனைத் தீப்பாறையென்றே எழுதினார். பின்வந்தோர் அத்தகைய தகடுகளிலேயே வேறு கதை கண்டனர்: மிகு வெப்பத்தாலும் அழுத்தத்தாலும், உருகாமலே மீண்டும் படிகமான உருமாறிய பாறை என்றனர். குழம்பாய்ப் பிறந்து பின்னர் உருமாறியது என்பாரும் உளர். வழக்கு இன்னும் முற்றத் தீர்ந்தபாடில்லை.