ஜாவாவில் பொருள்களின் நிலைபேறு: இரு தரங்களின் வரலாறு

ஜாவா நிரலில் பிறக்கும் ஒரு பொருளின் ஆயுள், அந்நிரல் இயங்கும் வரைதான். நிரல் நின்றதும் வாடிக்கையாளர், கணக்கு, விலைப்பட்டியல் எனப் பெயரிட்டு உருவாக்கியவை எல்லாம் நினைவகத்திலிருந்து அகன்றுவிடும். அவற்றை அழியாமல் சேமித்து, மீண்டும் பொருளாகவே எழுப்பும் ஏற்பாடு ‘நிலைபேறு’ எனப்படுகிறது. சேமிக்கும் இடமோ பெரும்பாலும் எட்கர் காட் 1970இல் முன்வைத்த தொடர்புசார் மாதிரியைப் பின்பற்றும் தரவுத்தளம். பொருளுக்கு மரபுரிமம் உண்டு. ஒரு பொருள் இன்னொன்றை நேரடியாகச் சுட்டும். அட்டவணைக்குத் தெரிந்தவை வரிசையும் நெடுவரிசையும் சாவிகளுமே. இப்பொருந்தாமையை யார், எங்கே தீர்ப்பது என்பதில்தான் ஏறத்தாழ பத்தாண்டுப் பூசல் நிகழ்ந்தது.

1997இல் வந்த ஜேடிபிசி, தரவுத்தளத்தோடு பேச வழி தந்தது. எஸ்கியூஎல் வாக்கியங்களை எழுதும் சுமை நிரலரிடமே நின்றது. அடுத்த ஆண்டு வெளியான இஜேபி தரத்தின் ‘என்டிட்டி பீன்’ அச்சுமையை நீக்குவதாக உறுதியளித்து, வேறொரு சுமையை ஏற்றியது. ஒரே ஒரு பொருளைச் சேமிக்கத் தனித்தனி இடைமுகங்களும் நீண்ட எக்ஸ்எம்எல் கோப்பும் வேண்டியிருந்தன. சிறு சோதனைக்கும் செயலிச் சேவையகத்தை இயக்க வேண்டும். பொருள்நோக்கு மொழியின் உயிர்நாடியான மரபுரிமத்துக்கே அங்கு இடமில்லாமற்போனது வியப்புக்குரியது.

மாற்று வழி வேறு மரபிலிருந்து வந்தது. பொருள்சார் தரவுத்தளங்களுக்காக ஓடிஎம்ஜி குழு வகுத்த ஜாவா இணைப்பே ஜேடிஓ தரத்துக்கு அடிப்படை. கிரெய்க் ரஸல் தலைமையில் ஜேஎஸ்ஆர் 12 எனத் தொடங்கிய அப்பணி 2002இல் நிறைவுற்றது. சாதாரண இனக்குழுவையே அது ஏற்றது. தொகுத்த பின் ஒரு கருவி அதன் பைட்கோடில் வேண்டிய மாற்றங்களைச் சேர்க்கும். சேமிப்பிடம் அட்டவணையாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இதனிடையே எந்தத் தரக்குழுவையும் சாராமல் கேவின் கிங் 2001இல் தொடங்கிய ஹைபர்நேட், நிரலர்களிடையே வேகமாகப் பரவியது. ஸ்மால்டாக் காலத்திலிருந்தே டாப்லிங்க் என்ற வணிகக் கருவியும் இதே வேலையைச் செய்துவந்தது.

ஒரே சிக்கலுக்கு ஜாவா உலகில் இரு தரங்கள் என்பது சங்கடமான நிலை. 2004 செப்டம்பரில் இஜேபி தரத்தின் தலைவர் லிண்டா டிமிஷெலும் ரஸலும் இணைந்து, நிலைபேற்றுக்கு ஒரே மாதிரி அமையும் என அறிவித்தனர். 2005 தொடக்கத்தில் ஜேடிஓ 2 வரைவு பொதுப் பார்வைக் கட்ட வாக்கெடுப்பில் தோற்றது, மறுபரிசீலனையில்தான் பிழைத்தது. 2006 மே மாதத்தில் இரண்டும் வெளிவந்தன: ஜேடிஓ 2.0, இஜேபி 3.0இன் பகுதியாக ஜேபிஏ.

ஜேபிஏ பெரும்பாலும் ஹைபர்நேட், டாப்லிங்க் ஆகியவற்றின் பட்டறிவிலிருந்து உருவானது. குழு அறையில் முதலில் வகுத்த தரம் தோற்றது. நிரலர்கள் ஏற்கெனவே பயன்படுத்திப் பார்த்தது தரமாயிற்று. ஆயினும் அதன் வெற்றிக்கு ஒரு விலை இருந்தது: தொடர்புசார் தரவுத்தளங்களுக்கு மட்டுமே அது வரையறுக்கப்பட்டது. 2009இல் கூகுளின் ஆப் எஞ்சின் ஜாவாவை ஏற்றபோது, தொடர்புசாராத அதன் தரவகத்துக்கு ஜேடிஓ இயல்பாகப் பொருந்தியது. ஜேபிஏவை இழுத்துப் பொருத்த வேண்டியிருந்தது.

பின்னர் ஜாவா இஇ எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு மாறியது. பெயருரிமைச் சிக்கலால் 2020இல் ஜேபிஏவின் ‘ஜாவாக்ஸ்’ முன்னொட்டு ‘ஜகார்த்தா’ என மாற, பழைய நிரல்களின் இறக்குமதி வரிகளைத் திருத்த நேர்ந்தது. அப்பாச்சியின் பராமரிப்பில் இருக்கும் ஜேடிஓவோ ‘ஜாவாக்ஸ்’ என்ற பழைய பெயரையே இன்றும் தாங்கிநிற்கிறது.