காட்டுக்குப் போன வளன் திரும்பிய வழி: ஏலாக்குறிச்சியில் உருப்பெற்ற அன்றாடக் கிறிஸ்தவ ஒழுக்கம்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய ஊர் ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயிலுக்காகப் பலரும் அறிந்த இவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தவர் வீரமாமுனிவர் என்கிற கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இங்கே அவர் எழுதியவற்றைத் தமிழிலக்கிய வரலாறு ஏராளமாகப் பேசியிருக்கிறது. உழவும் நெசவும் குடும்பமுமாக வாழ்ந்த ஒரு கிறிஸ்தவர் தம் ஒவ்வொரு நாளையும் எந்த நோக்கத்தோடு வாழவேண்டும் என்ற கேள்விக்கு அந்த நூல்கள் தந்த விடையை யாரும் போதிய அளவு பேசவில்லை. அந்த விடை எங்கிருந்து வந்தது, இந்த மண்ணில் எப்படி மாறியது, எங்கே தடுமாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கம் கடற்கரையில். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலை அச்சிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1580இல், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வதற்கான நூலொன்றைக் கொச்சியிலிருந்து வெளியிட்டார். பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, இன்னது செய்தாயா என்று கேட்கும் முறையில் அமைந்த நூல் அது. கட்டளையை வீட்டுக்கும் கடைக்கும் கடலுக்கும் கொண்டுவந்து நிறுத்திய முதல் தமிழ் அச்சுநூல் என்று அதைச் சொல்லலாம். ஆனால் அதன் பார்வை பின்னோக்கியது. நடந்து முடிந்ததற்குக் கணக்குக் கேட்டது. நாளை எப்படி வாழவேண்டும் என்பதற்கு அதில் இடம் குறைவு.

அடுத்த நூற்றாண்டில் இயேசு சபையின் மதுரை மிஷன் உள்நாட்டுக்குள் பரவியபோது நிலைமை வேறாயிற்று. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதக சுவாமியின் காலம் முதல் குருக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகவே இருந்தார்கள். பரந்த நிலப்பரப்பு, சிதறிக் கிடந்த சிற்றூர்கள், அடிக்கடி மூண்ட பாளையக்காரர் சண்டைகள். ஓர் ஊருக்குச் சாமியார் வந்து பூசை வைப்பதே ஆண்டில் ஓரிரு முறைதான். மற்ற நாட்களில் செபம் சொல்லிக்கொடுத்தவர், குழந்தை சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் கொடுத்தவர், சாவுக்கு நின்றவர், சண்டையைத் தீர்த்தவர் உபதேசியார்தான். வேதியர் என்றும் அவரை அழைத்தார்கள். கோயிலும் குருவும் எட்டாத தொலைவில் இருந்ததால், சமயம் அன்றாடத்துக்குள் புகுந்தே தீரவேண்டியிருந்தது. என் வாதம் முழுவதும் இந்த ஒரு நிலைமையின்மேல் நிற்கிறது.

ஏலாக்குறிச்சியில் இந்த நெருக்கடி இன்னும் கூர்மையாக இருந்தது. 1701இல் தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஜியின் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் கடும் துன்புறுத்தலுக்கு உள்ளானார்கள். ஆற்றைத் தாண்டினால் அரியலூர் மழவராயர்களின் சீமை. தப்பி வந்தவர்களுக்கு வடகரை அடைக்கலமாயிற்று. வீரமாமுனிவர் மழவராயர் ஒருவரின் ராஜபிளவை என்னும் கட்டியைப் பச்சிலையால் குணப்படுத்தி, கோயிலுக்கு நிலம் பெற்றார் என்பது ஊர் மரபு. மரபை மரபாகவே வைத்துக்கொள்வோம். நிலமிழந்து, சொந்தபந்தம் இழந்து வந்து சேர்ந்தவர்களுக்குக் கூரையைப் போலவே வாழ்வதற்கு ஓர் ஒழுங்கும் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை.

அந்த ஒழுங்கை எழுதியவர் அதற்கான பயிற்சியில் வளர்ந்தவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவாவுக்கு வந்து, தமிழ்நாட்டுக்குள் நுழைந்தவர் பெஸ்கி. அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548இல் வெளியானது. அதிலுள்ள ஒரு முறையை இங்கே விரித்துச் சொல்லவேண்டும். ஒருவர் திருத்திக்கொள்ள விரும்பும் குறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார். காலையில் எழுந்ததும் அதில் விழமாட்டேன் என்று தீர்மானிக்கிறார். பகலுணவுக்குப் பின்னும் இரவுணவுக்குப் பின்னும் மணிவாரியாக நினைத்துப் பார்த்து, எத்தனை முறை தவறினாரோ அத்தனை புள்ளிகளைக் கோட்டின்மேல் இடுகிறார். முற்பகலுக்கு ஒரு கோடு, பிற்பகலுக்கு ஒரு கோடு. நேற்றைய புள்ளிகளோடு இன்றைய புள்ளிகளை ஒப்பிடுகிறார். முன்னோக்கிய தீர்மானமும் பின்னோக்கிய கணக்கும் ஒரே நாளுக்குள் இணைவது இதன் சிறப்பு.

இந்த மரபில் வந்தவர் 1727இல் உபதேசியார்களுக்கென்று எழுதிய உரைநடை நூல் ‘வேதியர் ஒழுக்கம்’. வேதியர் முதலில் தம் ஆன்மாவைக் காக்கவேண்டும், பிறகே பிறரைக் காக்கும் தகுதி வரும் என்பது நூலின் அடிப்படை. வேத வசனமும் புனிதர் கதையும் உவமையும் கலந்து, உரத்துப் படித்தால் காதில் நிற்கும் நடை. 1580இன் நூல் ‘என்ன செய்தாய்’ என்று கேட்டது. இது ‘எப்படிப்பட்டவனாக இருக்கப்போகிறாய்’ என்று கேட்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ அறச்சிந்தனையில் நிகழ்ந்த பெரிய திருப்பம் இதுவே என்பது என் முடிவு. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவர் இவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். ஒழுக்கத்தை விதிகளின் பட்டியலாகப் பார்க்காமல் குணத்தின் வளர்ச்சியாகப் பார்க்க, இஞ்ஞாசியாரோடு வள்ளுவரும் அவருக்குத் துணைநின்றிருக்கவேண்டும்.

உபதேசியார் அல்லாதவருக்கு என்ன வழி? அதற்கு 1726இல் முடிந்த ‘தேம்பாவணி’க்குப் போகவேண்டும். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட அந்தக் காப்பியத்தின் தலைவர் அரசருமல்லர், வீரருமல்லர். தச்சுத்தொழில் செய்து குடும்பம் காத்த சூசையப்பர். வீரமாமுனிவர் அவருக்கு வளன் என்று பெயரிட்டார். காப்பியத்தின் தொடக்கப் பகுதியில் இளைஞன் வளன் துறவை நாடிக் காட்டுக்குப் புறப்படுகிறான். வழியில் வானவன் ஒருவன் முதியவர் வடிவில் எதிர்ப்பட்டு, ஊரில் மக்களோடு இருந்து பிறருக்குப் பயன்பட வாழும் அறத்தின் மேன்மையைச் சொல்கிறான். வளன் திரும்புகிறான்.

தன் தலைவனைக் காட்டு வழியிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் இந்தக் கட்டத்தை நான் காப்பியத்தின் திறவுகோலாக எண்ணுகிறேன். துறவியான ஆசிரியர், துறவுக்குப் பெருமதிப்பு இருந்த நாட்டில், காவி உடுத்தித் திரிந்தபடி, தன் தலைவனுக்குப் பட்டறையைத் தேர்ந்தெடுக்கிறார். மரம் அறுப்பதும் கூலி வாங்குவதும் மனைவி மகனோடு உண்பதும் கடவுளுக்கு முன் பொருளுள்ள செயல்களாகின்றன. ஸ்பெயின் நாட்டு ஆகிர்த மரியம்மாளின் நூல் காப்பியக் கதைக்கு மூலமாக இருந்தாலும், இல்லறமா துறவறமா என்ற வழக்கு தமிழ் நிலத்துக்குரியது. வீரமாமுனிவர் அந்தப் பட்டறையைப் பாடி இரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகு, 1955இல்தான், திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மே 1ஆம் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் விழாவாக அறிவித்தார்.

பெண்களுக்காக அவர் தேர்ந்த வடிவம் வேறு. ‘கித்தேரி அம்மாள் அம்மானை’ என்ற நூலில் புனிதையின் வரலாற்றை, பெண்கள் காய் வீசி ஆடிக்கொண்டே பாடும் அம்மானை வடிவில் தந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் நிற்கக்கூடிய வடிவம் அது.

இத்தனைக்கும் பிறகு ஒரு கடும் உண்மையைச் சொல்லாமல் தாண்டக்கூடாது. ஒவ்வொரு நாளையும் நோக்கத்தோடு வாழச் சொன்ன மிஷன், ஒவ்வொரு நாளும் சாதியோடு சமரசம் செய்துகொண்டது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனிக் குருக்கள் என்ற ஏற்பாடு 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1744இல் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஆணை, அந்த மக்களுக்கான பணியை வற்புறுத்தியபோதும், தனி ஏற்பாடே நீடித்தது. மனத்தை மணிவாரியாகச் சோதிக்கக் கற்றவர்கள் தெருவைச் சோதிக்கவில்லை. கோயிலுக்குள்ளும் கல்லறையிலும் பிரிவினை பின்னரும் தொடர்ந்தது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்த தலித் கிறிஸ்தவர்களே அன்றாட வாழ்வைப் பற்றிய இந்தச் சிந்தனையை முழுமைக்கு இட்டுச்சென்றார்கள் என்று நான் கருதுகிறேன்.

வீரமாமுனிவர் 1747இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறந்தார். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. குருக்கள் இன்னும் அருகிப்போன அந்தக் காலத்தைக் கிராமக் கிறிஸ்தவ சமூகங்கள் கடந்து வந்ததில் உபதேசியார் குடும்பங்களின் பங்கு பெரிது. 1899இல் கும்பகோணம் மறைமாவட்டம் உருவானது; இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அதில் அடங்குகின்றன. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய தன் ஏட்டின் 5ஆம் அதிகாரத்தில், புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லா நிலையினருக்கும் உரியது என்று அறிவித்தது. ஏலாக்குறிச்சியில் உபதேசியாருக்கு வகுத்த கடமை, இப்போது மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடும் பெரம்பலூர் விவசாயிக்கும், அரியலூர் சிமெண்ட் ஆலைத் தொழிலாளிக்கும் உரியதாயிற்று.

அண்மைப் பத்தாண்டுகளில் தமிழக மறைமாவட்டங்களில் பரவிய அன்பியக் கூட்டங்கள் இந்தக் கடமையைச் சில வீடுகள் சேர்ந்து சுமக்கும் முறையாக்கின. முறைவைத்து ஒரு வீட்டில் கூடி, வேதம் வாசித்து, அதைத் தம் அன்றாடப் பாடுகளோடு பொருத்திப் பேசி, நோயாளியைப் பார்ப்பது, படிக்கும் பிள்ளைக்கு உதவுவது என்று ஏதேனும் ஒரு செயலைத் தீர்மானிக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அது நடந்ததா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் பெண்களே நடத்தும் கூட்டங்கள் இவை. ‘வேதியர் ஒழுக்கம்’ ஆண் உபதேசியாரை முன்னிறுத்தி எழுதப்பட்டது. அந்தப் பொறுப்பு பெண்கள் கைக்கு வந்த வரலாற்றைக் கும்பகோணம் மறைமாவட்டத்தின் பங்குப் பதிவேடுகளிலிருந்தும், அந்தந்த ஊர்ப் பாட்டிமார் சொல்வதிலிருந்தும் இனி எழுதவேண்டியிருக்கிறது.