தெரிந்ததையே மறுபடி படிக்க வேண்டுமா?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். டிப்ளமோ நர்ஸ், 18 வருட அனுபவம். இப்போது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். "நர்சிங் ஃபவுண்டேஷனை மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறேன் சார்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

இதே வருத்தம் அமெரிக்காவில் பல தலைமுறை நர்சுகளுக்கு இருந்தது. அங்கே 1873இல் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் நகரங்களில் ஆஸ்பத்திரியோடு இணைந்த நர்சிங் பள்ளிகள் தொடங்கின. மாணவிகள் வார்டில் உழைத்தே தொழில் கற்றார்கள். பிறகு பல்கலைக்கழகப் பட்டம் வந்தது. 1952இல் மில்ட்ரெட் மான்டாக் அம்மையாரின் யோசனைப்படி, இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பும் சோதனை முறையில் தொடங்கியது. வழி மூன்று, எழுதும் உரிமத் தேர்வு மட்டும் ஒன்றே.

1965இல் அமெரிக்க நர்சுகள் சங்கம், தொழில்முறை நர்சுக்குப் பட்டமே அடிப்படைத் தகுதியாக வேண்டும் என்று அறிவித்தது. டிப்ளமோக்காரர்கள் கல்லூரி வாசலுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரிப் பள்ளி கல்லூரி அல்லவே, அங்கே படித்ததை எப்படிக் கணக்கில் எடுப்பது? சில கல்லூரிகள் மொத்தமாகச் சலுகை தந்தன. சில எல்லாவற்றையும் திரும்பப் படிக்கச் சொன்னன. இரண்டுக்கும் நடுவே வந்ததுதான் திறனறித் தேர்வு. தேறினால் அந்தப் பாடத்துக்கு விலக்கு, மேல் வகுப்பில் இடம். தேறாவிட்டால் அந்தப் பாடத்தை மட்டும் படித்தால் போதும்.

தாளில் எழுதுகிறவருக்குக் கைப்பழக்கம் இருக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கும் நியூயார்க் மாநில ரீஜெண்ட்ஸ் திட்டத்தில் 1970களில் வழி செய்தார்கள். எழுத்துத் தேர்வோடு, ஆஸ்பத்திரியில் உண்மையான நோயாளிகளைக் கவனித்துக் காட்டும் செய்முறைத் தேர்வும் வைத்தார்கள்.

இதை எழுதும்போது என் தவறு ஒன்று நெஞ்சில் நிற்கிறது. டி.சி. வாங்கிக்கொண்டு வேறு ஊரிலிருந்து வந்த பையனை, பள்ளியின் பெயரை மட்டும் பார்த்து ஒரு வகுப்பு கீழே உட்கார வைத்தேன். ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லியிருக்கலாம், ஒரு வகுத்தல் கணக்கு கொடுத்திருக்கலாம். பத்து நிமிட வேலை. அவனுக்கு ஒரு வருடம் போனது. அதன் பிறகு கேட்டுப் பார்க்காமல் யாரையும் நான் உட்கார வைத்ததில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், அதிகாரிகள். புதிதாக ஒருவர் வந்தால், எங்கே படித்தாய் என்று கேளுங்கள். கூடவே, என்ன தெரியும் என்றும் கேளுங்கள்.

நலமே விளைக.