உப்பளத்து அகரியாக்களும் ‘தொழிலாளி’ என்னும் சொல்லும்

சட்டத்தில் உள்ள சொற்களைப் பற்றி வழக்கறிஞர்களே கவலைப்படட்டும் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆயினும் உழைக்கும் மக்களின் வீட்டில் அடுப்பு எரிவதையும் அணைவதையும் தீர்மானித்த சொல் ஒன்று உண்டு. ‘தொழிலாளி’ என்பதே அச்சொல். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் தொழிலாளிக்கே பாதுகாப்பளித்தது. தனித்து நிற்கும் ஒப்பந்தக்காரருக்கு அளிக்கவில்லை. ஆகவே வேலை வாங்குவோர் சிலர், உழைப்பவனை ‘ஒப்பந்தக்காரர்’ என்று மரியாதையாக அழைக்கத் தலைப்பட்டனர். கூலி உயராமல் பெயர் மட்டும் உயர்ந்தால் நாம் ஐயுற வேண்டாமா?

இவ்வழக்கத்தை உச்சநீதிமன்றம் ஆராய்ந்த பழைய வழக்கொன்றை ஈண்டு நோக்குவோம். இன்றைய குஜராத்தின் ஒரு பகுதி அந்நாளில் சௌராஷ்டிர மாநிலமாக இருந்தது. அங்கே கூடா என்னும் ஊரில் தாரங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்னும் நிறுவனம் உப்பளம் நடத்தியது. அதில் பாடுபட்டோர் அகரியாக்கள் எனப்பட்டனர். அக்டோபரில் குடும்பத்தோடு வந்து, ஜூனில் மழை தொடங்குமுன் வேலையை முடிப்பர். ஒவ்வொரு பாத்திக்கும் தொடக்கச் செலவுக்கு 400 ரூபாய் தரப்பட்டது. நிலத்தைச் சமன்செய்து, வரப்பிட்டு, கிணறு தோண்டி, உவர்நீரை இறைத்துப் பாத்தியில் பாய்ச்சி உப்பு விளைவிப்பது அவர்கள் பணி. தூத்துக்குடி, வேதாரணியம் உப்பளங்களில் கால் வெடித்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கூலி மணங்கு ஒன்றுக்கு 5 அணா 6 பை. தேறிய உப்புக்கே அக்கூலி. தேறாத உப்புக்குக் காசில்லை. அதனை எடுத்துச் சென்று விற்கவும் உரிமையில்லை. பருவ இறுதியில், முன்பணத்தையும் நிறுவனத்தின் மளிகைக் கடையில் வாங்கிய கடனையும் கழித்துக்கொண்டே கணக்குத் தீர்க்கப்பட்டது. நம் பாட்டன்மார் பண்ணைகளில் கண்ட கணக்கும் ஏறத்தாழ இதுவே.

1950ஆம் ஆண்டளவில் வேலை நிலைமைகள் குறித்துத் தகராறு எழுந்தது. அரசு அதனைத் தொழில் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. நிறுவனமோ, அகரியாக்கள் தொழிலாளரே அல்லர், தனி ஒப்பந்தக்காரர்கள் என்று வாதிட்டது. வருகைப் பதிவேடு இல்லை. வேலை நேரம் வரையறுக்கப்படவில்லை. விடுப்பு விதி இல்லை. அவர்களே வேறு ஆட்களை வைத்துக் கூலி கொடுக்கிறார்கள் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. விடுப்பும் பதிவேடும் கொடாதிருந்தவர்களே அவை இல்லாமையைச் சான்றாகக் காட்டிய விந்தையை நாம் கவனிக்க வேண்டும்.

1956 நவம்பரில் உச்சநீதிமன்றம் நிறுவனத்தின் வாதத்தை ஏற்க மறுத்தது. வேலை செய்யும் முறையை ஆளும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே அங்கு ஆராயப்பட்ட கேள்வி. கிணற்று நீரின் செறிவைச் சோதித்தவர் நிறுவனத்தின் உப்பு மேற்பார்வையாளர். பாத்தி சரியா என்று பார்த்தவரும் அவரே. உப்பு பூத்தபின் அவர் சோதித்து இசைந்தாலன்றி வாரத் தொடங்க முடியாது. இத்துணைக் கட்டுப்பாட்டின்கீழ்த் தம் உடலால் உழைப்பவர், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டதனாலேயே தொழிலாளி அல்லாதவராகிவிடார் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பின்னர் இவ்வழி விரிந்தது. வீட்டிலிருந்தே பீடி சுற்றுவோரையும் 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தொழிலாளராகக் கொண்டது. வேலூரிலும் நெல்லையிலும் முறமும் மடியுமாக அமர்ந்த பெண்கள் பலர்க்கு அச்சட்டமே துணையாயிற்று. 1978இல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில், இடையில் ஒப்பந்தக்காரர் நின்றாலும், யாருடைய தொழிலுக்காக உழைப்பு செலவாகிறதோ அவரே உண்மை முதலாளி என்று உச்சநீதிமன்றம் கூறிற்று.

இன்று நம் இளைஞர் பலர் கைப்பேசிச் செயலியின் கட்டளைப்படி உணவுப் பொட்டலம் சுமக்கின்றனர். அவர்களைப் ‘பங்குதாரர்’ என்கிறார்கள்! 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவர்களுக்குத் தனிப் பெயர் தந்து, நலத்திட்டங்களுக்கும் வழி செய்துள்ளது. ஆனால் அந்தப் பெயரின் வரையறையே அவர்களை முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்துகிறது. கட்டணத்தை நிர்ணயிப்பதும், ஓட்டத்தைக் கண்காணிப்பதும், கணக்கை முடக்குவதும் செயலி நடத்துவோரின் கையிலேயே உள்ளன. கூடாவின் உப்பு மேற்பார்வையாளராவது பாத்தியருகே வந்து நின்றார்.