லவ்கிராஃப்ட் கன்ட்ரி: நிறவெறிக் காலத்தின் திகில் தொடர்

லவ்கிராஃப்ட் கன்ட்ரி, அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சியில் 2020 ஆகஸ்ட் 16 முதல் அக்டோபர் 18 வரை ஒளிபரப்பான பத்துப் பகுதித் தொடர். மேட் ரஃப் 2016இல் வெளியிட்ட அதே பெயருள்ள நாவலைத் தழுவி இதை உருவாக்கியவர் மிஷா கிரீன். ஜோர்டன் பீல், ஜே. ஜே. ஏப்ராம்ஸ் இருவரும் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் அடங்குவர். கதை நடப்பது 1950களின் நடுப்பகுதியில். பேருந்து இருக்கை, பள்ளிக்கூடம், உணவகம், குடியிருப்பு என எல்லாவற்றையும் தோலின் நிறம் பார்த்துப் பிரித்துவைத்திருந்த அமெரிக்கா அது. பேய்களும் மந்திரவாதிகளும் உடம்பெல்லாம் கண்கள் கொண்ட கொடிய விலங்குகளும் தொடரில் உண்டு. ஆனாலும் பார்ப்பவரை அதிகம் நடுங்கவைப்பவர் சீருடை அணிந்த ஷெரிஃப்தான்.

தலைப்பில் இருக்கும் பெயர், நவீனத் திகில் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான எச். பி. லவ்கிராஃப்டுடையது (1890–1937). ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தவர். மனித அறிவுக்கு எட்டாத பூர்வ தெய்வங்களைப் படைத்த இவர், கறுப்பினத்தவரை மனிதரிலும் தாழ்ந்த பிறவிகளாகக் காட்டும் கவிதை ஒன்றையும் 1912இல் எழுதினார். உலக மிகுபுனைவு விருது அவருடைய தலையுருவச் சிலையாகவே நெடுங்காலம் வழங்கப்பட்டுவந்தது. 2011இல் அதைப் பெற்ற நைஜீரிய வம்சாவளி எழுத்தாளர் ன்னெடி ஒகோராஃபோர் இந்த முரணை வெளிப்படையாகப் பேசினார். 2015இல் அந்தச் சிலை கைவிடப்பட்டது. ரஃபின் நாவல் மறு ஆண்டு வந்தது. தன்னை வெறுத்த எழுத்தாளனின் கதைகளை ஒரு கறுப்பின வாசகன் விரும்பிப் படித்தால் என்ன ஆகும் என்பதே தொடரின் முதல் கேள்வி. நாயகன் அட்டிகஸ் ஃப்ரீமன் அப்படிப்பட்ட வாசகன். அந்த ஆசையைப் போக்குவதற்காகவே அவனுடைய தந்தை அந்த 1912 கவிதையை மனப்பாடம் செய்யவைத்திருந்தார்.

கொரியப் போரிலிருந்து திரும்பும் அட்டிகஸ் (ஜொனதன் மேஜர்ஸ்), காணாமல்போன தந்தை மான்ட்ரோஸைத் (மைக்கேல் கே. வில்லியம்ஸ்) தேடிச் சிகாகோவிலிருந்து மாசசூசெட்ஸுக்குக் காரில் கிளம்புகிறான். உடன் வருபவர்கள் பெரியப்பா ஜார்ஜும் (கோர்ட்னி பி. வான்ஸ்) தோழி லெட்டியும் (ஜர்னி ஸ்மோலெட்). ஜார்ஜின் தொழில், கறுப்பினப் பயணிகளுக்கு எங்கே உணவு கிடைக்கும், எங்கே இரவு தங்கலாம் என்று சொல்லும் வழிகாட்டி நூலைப் பதிப்பிப்பது.

இது கற்பனைத் தொழில் அல்ல. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் தொடங்கிய ‘கிரீன் புக்’ அப்படிப்பட்ட வழிகாட்டிதான். அதன் கடைசிப் பதிப்பு 1966–67க்கு உரியது. அந்த நூல் தேவைப்பட்டதற்குக் காரணங்களில் ஒன்று, ‘சன்டவுன் டவுன்’ எனப்பட்ட ஊர்கள். சூரியன் மறைந்தபின் கறுப்பினத்தவர் யாரும் எல்லைக்குள் இருக்கக் கூடாது என்பது அந்த ஊர்களின் விதி. தெற்கில் மட்டுமல்ல, வடக்கிலும் மேற்கிலும் அவை ஏராளம் என்பதை ஜேம்ஸ் லோவன் 2005இல் வெளியிட்ட ஆய்வு நூல் பதிவுசெய்தது. முதல் பகுதிக்கே ‘சன்டவுன்’ என்று பெயர். சூரியன் மறையச் சில நிமிடங்களே இருக்கும்போது ஷெரிஃப் காரை நிறுத்துகிறார். பொழுது சாய்வதற்குள் மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டும். வேக வரம்பை மீறினால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். ஒரு ரத்தத் துளிகூட இல்லாமல், வேகமானியையும் அடிவானத்தையும் மாற்றி மாற்றிக் காட்டியே உருவாக்கப்பட்ட இந்தக் காட்சிக்கு ஈடானது தொடரில் வேறில்லை.

மூன்றாம் பகுதியில் லெட்டி, வெள்ளையர் மட்டுமே வசிக்கும் சிகாகோ தெருவில் பழைய மாளிகை ஒன்றை வாங்குகிறாள். அக்கம்பக்கத்தார் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன்மீது செங்கல்லைக் கட்டிவைத்து ஓயாமல் அலறவிடுகிறார்கள். முற்றத்தில் சிலுவை எரிகிறது. வீட்டுக்குள்ளோ, மருத்துவச் சோதனை என்ற பெயரில் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரின் ஆவிகள். வாசலில் நடப்பது சிகாகோ கண்ட வரலாறே. கறுப்பினத்தவருக்கு வீடு விற்கத் தடைவிதிக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் 1951இல் நகரை ஒட்டிய சிசரோவில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்ததும் கலவரம் வெடித்தது.

அதே பகுதியில் சிறுவர்கள் ஆவிகளைக் கேள்வி கேட்கும் பலகையைச் சுற்றி அமர்ந்து விளையாடுகிறார்கள். போபோ என்ற சிறுவன், தன் பயணம் நல்லபடியாக அமையுமா என்று கேட்கிறான். இல்லை என்று பதில் வருகிறது. போபோ என்பது எமெட் டில்லின் வீட்டுப்பெயர். சிகாகோவைச் சேர்ந்த 14 வயது டில், உறவினரைப் பார்க்க மிசிசிப்பி சென்றபோது 1955 ஆகஸ்ட் 28 அன்று கடத்திக் கொல்லப்பட்டான். சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று அவன் தாய் மேமி சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். எட்டாம் பகுதி அந்த இறுதிச் சடங்கில் தொடங்குகிறது. தொடர் அவன் முகத்தைக் காட்டாமல், வெயிலில் காத்திருக்கும் மக்களின் வரிசையைக் காட்டுகிறது. இயக்கத்தில் தெரியும் இந்த மரியாதை போற்றத்தக்கது.

ஒன்பதாம் பகுதி 1921ஆம் ஆண்டின் டல்சாவுக்குப் போகிறது. மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாட்களில் வெள்ளையர் கும்பல் அந்த ஓக்லஹோமா நகரின் வளமான கறுப்பினப் பகுதியான கிரீன்வுட்டை எரித்தது. கொல்லப்பட்டோர் 300 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாளர்களின் மதிப்பீடு. சிறுவயதில் அங்கிருந்து தப்பிய மான்ட்ரோஸ், காலம் கடந்து அங்கே திரும்பி, எரியும் ஊரைப் பார்த்தபடி, மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வது மைக்கேல் கே. வில்லியம்ஸின் நடிப்பு உச்சம்.

குறைகளும் உண்டு. மந்திர நூலின் பக்கங்களைத் தேடும் கிளைக்கதை நடுப்பகுதிகளை நெரிசலாக்குகிறது. யாஹிமா என்ற பூர்வகுடிப் பாத்திரம் அறிமுகமான வேகத்தில் கொல்லப்பட்டது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அந்த இடத்தில் தான் தவறிவிட்டதாக மிஷா கிரீனே ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் பருவம் இல்லை என்று 2021 ஜூலையில் எச்பிஓ அறிவித்தது. அதே மாதம் தொடருக்கு 18 எம்மி பரிந்துரைகள் கிடைத்தன. வென்றவை இரண்டு: கோர்ட்னி பி. வான்ஸுக்கு விருந்தினர் நடிகர் விருது, ஒலித் தொகுப்பு விருது. துணை நடிகர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த வில்லியம்ஸ் செப்டம்பர் 6 அன்று காலமானார். ரஃப் 2023இல் நாவலின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார்.

முழுத் தொடருக்கும் நேரம் இல்லாதவர்கள் முதல், மூன்றாம், ஒன்பதாம் பகுதிகளையாவது பார்க்க வேண்டும். ஜார்ஜின் வழிகாட்டிக்கு நிஜ முன்னோடியான ‘கிரீன் புக்’ பதிப்புகளை நியூயார்க் பொது நூலகம் மின்படியாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. யாரும் வாசிக்கலாம்.