சாரதியும் அம்மையாரும்: ஒரு திரைப்படத்தின் வரலாற்றுப் பின்னணி

முதுமை எய்தியோர் பிறரைச் சார்ந்து வாழ நேர்வது எந்நாட்டுக்கும் பொதுவானது. ஆயின், அவர் எவரைச் சார்ந்து வாழ்கின்றார், அச்சார்பு எத்தகைய சட்டத்தின்கீழ் அமைகின்றது என்பன காலத்தாலும் தேசத்தாலும் வேறுபடுவன. இதனை ஆராயப் புகுவார்க்கு, 1989ஆம் ஆண்டு வெளிவந்த 'டிறைவிங் மிஸ் டெய்சி' என்னும் அமெரிக்கத் திரைப்படம் தக்கதொரு சான்றாகும். அல்பிரட் யூரி தம் பாட்டியாரையும் அவருடைய சாரதியையும் நினைவிற்கொண்டு எழுதிய நாடகம் 1988இல் புலிற்சர் பரிசு பெற்றது. அதனைப் புறூஸ் பெரஸ்போட் படமாக்கினார். சிறந்த படத்துக்குரியது உட்பட நான்கு ஒஸ்கார் பரிசுகள் அதற்குக் கிடைத்தன. டெய்சியாக நடித்த ஜெசிக்கா ரான்டி தமது 80 வயதிற் சிறந்த நடிகைக்கான பரிசைப் பெற்றார்.

கதை 1948இல் ஜோர்ஜியா மாநிலத்து அத்திலாந்தா நகரில் தொடங்குகின்றது. டெய்சி 72 வயதுடைய யூத விதவை, ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் செலுத்திய மோட்டார் வண்டி விபத்துக்குள்ளாகவே, மகன் ஹோக் என்னும் கறுப்பினத்தவரைச் சாரதியாக நியமிக்கின்றான். அம்மையார் முதலில் அவ்வண்டியில் ஏறவும் மறுக்கின்றார். இக்காட்சிகள் நகைப்பை விளைப்பன. எனினும், அம்மையார் தாம் இழந்த சுதந்திரத்துக்காக வருந்துகின்றார். ஹோக்குக்கோ அத்தகைய சுதந்திரம் என்றுமே வாய்த்ததில்லை.

அக்காலத் தென் மாநிலங்களிற் பாடசாலை, உணவுச்சாலை, பஸ் வண்டி ஆகியவற்றில் நிறப்பிரிவினை சட்டமாகவே நிலவிற்று. அலபாமாவிலுள்ள மொபீல் நகருக்குச் செல்லும் வழியில், எரிபொருள் நிலையத்து மலசலகூடம் கறுப்பினத்தவர்க்கு மறுக்கப்பட்டமையால், ஹோக் வீதியோரத்தில் வண்டியை நிறுத்த வேண்டியவராகின்றார். அதற்கும் அம்மையார் தடைகூற, முதியவராகிய தாம் இதற்கும் அனுமதி கேட்க வேண்டுமோ என அவர் வினவுகின்றார். முதுமைக்குரிய மதிப்பும் நிறத்தைக்கொண்டே அளக்கப்பட்டது என்பதை இக்காட்சி உணர்த்தும்.

1958 ஒக்ரோபர் 12ஆம் நாள் அத்திலாந்தாவின் யூத ஆலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் குருவாகிய ஜேக்கப் றொத்சைல்ட் நிறப்பிரிவினையை எதிர்த்துப் பேசிவந்தவர். படத்திலும் இந்நிகழ்ச்சி இடம்பெறுகின்றது. செய்தியறிந்த ஹோக், தாம் சிறுவயதிற் கண்ட படுகொலையொன்றை எடுத்துரைக்கின்றார். தம் துன்பமும் அவர் துன்பமும் ஒரே பகைமையின் விளைவென ஒப்புக்கொள்ள அம்மையாரின் மனம் இசையவில்லை.

நோபல் பரிசு பெற்ற மாட்டின் லூதர் கிங்கை 1965 சனவரி 27இல் அத்திலாந்தா நகரத்தார் விருந்தளித்துப் பாராட்டினர். அங்கே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒருங்கமர்ந்து உண்டனர். படத்திலே டெய்சியும் அவ்விருந்துக்குச் செல்கின்றார். ஆனால், உடன்வருமாறு ஹோக்கை அழைக்கும் எண்ணம் வண்டி புறப்பட்ட பின்னரே அவருக்கு எழுகின்றது. காலங்கடந்த அவ்வழைப்பை ஹோக் ஏற்றிலர். வெளியே வண்டியிலிருந்து வானொலியிற் கிங்கின் உரையைக் கேட்கின்றார். 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம் உணவுச்சாலைகளின் கதவுகளைத் திறந்துவிட்டது. நெஞ்சத்தின் கதவோ சட்டத்தினும் மெதுவாகவே திறந்தது.

இத்தகைய படங்கள் தனிமனித அன்பைக் காட்டிச் சமூக அநீதியை மறைக்கின்றன என்பாருளர். அக்கூற்றை முற்றாகத் தள்ளுதல் இயலாது. 1955 டிசம்பரில் மொன்கொமறியிற் பஸ் வண்டிகளைப் பகிஷ்கரித்து 381 நாட்கள் போராடியோருள், வெள்ளையர் வீடுகளில் ஊழியஞ்செய்த பெண்கள் பலர். அவர்கள் வேண்டியது எசமானியின் பரிவன்று, சமவுரிமையே.

ஆயினும், படத்தின் முடிவு அவ்வேற்றத்தாழ்வை மறைக்கவில்லை. முதியோர் இல்லத்திலிருக்கும் டெய்சியைக் காண, தாமும் வண்டி செலுத்த இயலாத வயதினராகிய ஹோக் வருகின்றார். மகன் இன்னும் சம்பளம் கொடுக்கின்றானோ என அம்மையார் கேட்க, வாரந்தோறும் கிடைக்கின்றதென அவர் விடையிறுக்கின்றார். பின்னர் அம்மையாருக்கு உணவூட்டுகின்றார். இருவரும் நண்பரென்பது மெய். அந்நட்பினிடையே சம்பளம் இறுதிவரை நின்றதும் மெய். இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவார்க்கே அக்கால வரலாறு முழுமையாகப் புலப்படும்.