மௌனத்தைக் கேட்கவிடாத பெட்டி

சில வருடங்களுக்கு முன்னர் தமிழகத்தின் கரையோரக் கிராமமொன்றில் இயங்கிய சமூக வானொலி நிலையத்துக்குச் சென்றிருந்தேன். எழுபது வயதைக் கடந்த மீனவத் தாயொருவர், 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் புகுந்த கதையை ஒலிப்பதிவுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். இடையிடையே பேச்சு நின்றது. அந்த மௌனத்தில் கலையகத்தில் எவரும் அசையவில்லை.

மறுநாள் தேநீர்க்கடையில் அதே நிகழ்ச்சியைக் கேட்டேன். அவர் மௌனித்த இடங்களிலெல்லாம் மின்விசிறியின் இரைச்சலும் காகங்களின் கரைதலும் பொங்கி எழுந்தன. அவர் வாய் திறந்ததும் அடங்கின. குற்றவாளி, ஒலியைச் சீர்செய்வதற்கென நிலையத்தில் வைத்திருந்த சாதனம்.

இந்தச் சாதனத்தின் பூர்வீகம் கௌரவமானது. எட்வின் ஆம்ஸ்ட்ரோங் 1933 டிசம்பரில் காப்புரிமை பெற்ற பண்பலை முறையில், ஒலி உரத்தால் அலைவரிசையின் விலகலும் கூடும். அது 75 கிலோஹேர்ட்ஸைத் தாண்டினால் அயல் நிலையத்துக்குத் தொல்லை. இரைச்சலைக் குறைப்பதற்காக ஒலியின் உச்ச சுரங்களை உயர்த்தி அனுப்பி, வானொலிப் பெட்டியில் மீண்டும் தாழ்த்துவதும் வழக்கம். ஆகவே நமது 'ஸ'கரமும் 'ச'கரமும் மற்ற எழுத்துகளுக்கு முன்பாகவே எல்லையில் முட்டிவிடும். கட்டுப்படுத்தியின் முதல் வேலை காவல்தான்.

1960களில் அமெரிக்காவின் சீ.பீ.எஸ். ஆய்வுகூடத்தின் ஓடிமக்ஸ், வொல்யூமக்ஸ் ஆகிய இரு சாதனங்கள் நிலையங்களில் பரவின. ஓடிமக்ஸில் ஒரு நுட்பம் இருந்தது. பேச்சு நின்றால் அது பெருக்கத்தை உயர்த்தாது. இருந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தேநீர்க்கடையில் நான் கேட்ட நோய்க்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே மருந்து இருந்தது என்பதை அறிந்தபோது எனக்குச் சற்றுக் கோபமே வந்தது.

1975இல் பொப் ஓர்பன் ஒப்டிமோட் 8000 என்ற பெட்டியை வெளியிட்டார். அதுவரை தனித்தனியாக இருந்த கட்டுப்படுத்தியையும் ஸ்ரீரியோ உருவாக்கியையும் அவர் ஒன்றிணைத்தார். முன்பு கட்டுப்படுத்திய ஒலி, அடுத்த பெட்டியின் வடிகட்டியைக் கடக்கையில் மீண்டும் எல்லை மீறும். அதற்கு அஞ்சி நிலையங்கள் ஒலியைத் தாழ்த்தியே வைத்திருந்தன. அந்த அச்சம் நீங்கியது. பின்னர் யார் உரத்துக் கேட்பது என்ற போட்டி மூண்டது. காவற்காரன் சண்டைக்காரனானான்.

சிறிய நிலையங்கள் இந்தப் போட்டி முற்றிய பின்னரே வந்தன. அமெரிக்காவில் 2000 ஜனவரியில் 100 வாற் வரையான குறைவலு நிலையங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பெப்ரவரி 1ஆம் திகதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதலாவது வளாக சமூக வானொலி தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. கைவசம் சிறு வலுவே இருக்கையில், பெரிய நிலையத்தைப் போலக் கத்திப் பார்ப்போமே என்று தோன்றுவது மனித இயல்பு. இன்று கணினி மென்பொருளாகவே இந்தச் சாதனம் கிடைக்கிறது. நெதர்லாந்தில் உருவான ஸ்ரீரியோ டூல் அத்தகையது. எனவே ஏழை நிலையமும் கத்தலாம்.

"டவுன் எப்.எம். மாதிரி கேக்கணும் சார், அதான் எல்லாத்தையும் ஏத்தி வெச்சிருக்கோம்" என்றார் அந்த நிலையத்தின் இளைஞர். அவரை நான் குறை கூறவில்லை. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் செய்த அமைப்பு அது; நிறுத்தி நிறுத்திப் பேசும் மூதாட்டிக்குச் செய்ததல்ல என்று மட்டும் சொன்னேன். ஓடிமக்ஸின் கதையையும் கூறினேன். அவர் மௌனத்தில் பெருக்கம் ஏறாதபடி மாற்றி, மீளுயரும் வேகத்தையும் குறைத்தார். மொத்த ஒலி சற்றுத் தணிந்தது. அதில் அவருக்கு மனக்குறைதான்.

மாலையில் மறு ஒலிபரப்பு. நான் அதே கடையில் அமர்ந்திருந்தேன். அலை வாசலுக்கு வந்த இடத்தில் அந்தத் தாய் பேச்சை நிறுத்தினார். வானொலி நின்றுவிட்டதென எண்ணிக் கடைக்காரர் அதைத் தட்டுவதற்குக் கையை ஓங்கினார். பிறகு புரிந்துகொண்டு, கையைக் கீழே விட்டார்.